இரண்டு பாட்டிலுக்கும் ஒரே முகம்: பிராண்ட் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிராண்ட் மேலாளர் அவர்களுக்கும், தயாரிப்புத் திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். உங்கள் ஷாம்புவும் கண்டிஷனரும் புதுத் தோற்றத்துக்கு மாறியதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றியவர்களே நீங்கள்தான். ஏன் மாற்றினீர்கள் என்பதையும் அறிவிப்பில் விலாவாரியாக எழுதியிருந்தீர்கள். அந்த மாற்றம் வீட்டுக்குள் வந்து, குளியலறைக் கதவைச் சாத்திய பிறகு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

என் அம்மாவுக்கு வயது 74. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோயிருக்கிறது. வயதானவர்கள் பலருக்கும் வருகிற சிக்கல்தான். நேரே பார்த்தால் நடுவில் ஒரே மங்கல், ஓரப்பார்வையில் மட்டும் உருவமும் நிறமும் ஓரளவு பிடிபடும். எழுத்து படிக்க முடியாது. ஆனால் வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கண் நன்றாக இருக்கிற என்னைவிட அவர்தான் சரியாகச் சொல்வார்.

பத்து வருடத்துக்கும் மேலாக அவர் உங்கள் பிராண்டைத்தான் வாங்கச் சொல்கிறார். விளம்பரம் பார்த்து அல்ல. வாசனைக்காகவும் அல்ல. உங்கள் பழைய ஷாம்பு பாட்டில் நிமிர்ந்து நிற்கும். கண்டிஷனர் தன் மூடியைக் கீழே ஊன்றித் தலைகீழாக நிற்கும். ஒன்று அடர்பச்சை, இன்னொன்று வெள்ளை. கை பட்டதுமே எது எது என்று தெரிந்துவிடும். இதை யோசித்துச் செய்தீர்களா, தானாக அமைந்ததா, எனக்குத் தெரியாது. எப்படி வந்திருந்தாலும் அது நல்ல வேலை.

இப்போது இரண்டுமே வெள்ளை. இரண்டுமே நிமிர்ந்து நிற்கின்றன. ஒரே உயரம், ஒரே தோள், ஒரே பம்ப்.

போன மாதம் ஒரு நாள் அம்மா குளிக்கப் போய் வெகுநேரமாகியும் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. கதவைத் தட்டினேன். "நுரையே வரமாட்டேங்குதுடா" என்று குரல் வந்தது. பம்பை அழுத்துகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே சத்தம். அப்புறம் இன்னொரு தடவை. வெளியே வந்தபோது தலைமுடி முழுக்கப் பிசுபிசுப்பு, உள்ளே தரை முழுக்க வழுக்கல். விழாமல் வந்ததே பெரிய விஷயம். தலையைத் துவட்டியபடியே, "கையில பலம் போயிடுச்சுபோல, முன்ன மாதிரி தேய்க்க முடியல" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். புதிதாகத் திறந்த கண்டிஷனர் நன்றாகவே இறங்கியிருந்தது. ஷாம்பு அப்படியே இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தேன். பிராண்ட் பெயர் பெரிதாக இருந்தது. அதன் கீழே மென்மையைப் பற்றி ஒரு வரி. அதற்கும் கீழே, வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச்சாம்பல் நிறத்தில், அரிசி அளவு எழுத்தில், உள்ளே இருப்பது என்ன என்கிற தகவல். அதைப் படிக்க நான் கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது.

கண்டிஷனரைத் தலையில் தேய்த்ததால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அம்மா பாட்டிலைக் குறை சொல்லவில்லை, தன் கையைக் குறை சொன்னார். எனக்குத் தாங்காதது அதுதான். பார்வை போய்க்கொண்டிருக்கிற ஒருவருக்கு இனி எதெல்லாம் கைவிட்டுப் போகுமோ என்கிற பயம் எப்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் புதிய தோற்றம் அன்று ஒரு வரியைச் சேர்த்தது.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். நான்கு நாளில் பதில் வந்தது. வேகத்துக்கு நன்றி. என் அனுபவம் உங்களுக்கு மிக முக்கியம் என்று முதல் வரி. தயாரிப்புகளின் முழுக் குடும்பத்தையும் ஒரே தோற்றத்தின்கீழ் கொண்டுவந்ததில் பெருமைப்படுகிறீர்கள் என்று இரண்டாம் வரி. மூன்றாவதாக ஒரு தள்ளுபடிக் கூப்பன், அதுவும் கண்டிஷனருக்கு.

குடும்பம் என்றே வைத்துக்கொள்வோம். இரட்டைப் பிள்ளை பெற்றவர்கள்கூட, எது பெரியது எது சின்னது என்று குழம்பாமல் இருக்க ஒன்றின் கையில் நூலைக் கட்டிவைப்பார்கள். அந்த நூலைத்தான் கேட்கிறேன். ஷாம்பு பாட்டிலில் கையால் தடவினால் தெரிகிற ஓர் அடையாளம் வையுங்கள். பம்பின் நிறத்தையாவது இரண்டுக்கும் வேறுவேறாகக் கொடுங்கள். இதுதான் என் முக்கியக் கோரிக்கை.

தொட்டால் தெரிகிற பாட்டில் உங்கள் தொழிலுக்குப் புதிதா என்ன? 1915-இல் கோகோ கோலாவுக்குப் போலிகளின் தொல்லை தாங்கவில்லை. இருட்டில் கையால் தொட்டாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் நம்முடையது என்று தெரிய வேண்டும், அப்படி ஒரு பாட்டில் வேண்டும் என்று கண்ணாடித் தொழிற்சாலைகளிடம் கேட்டார்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருந்த ரூட் கண்ணாடித் தொழிற்சாலை அந்த வளைவான பாட்டிலை வடிவமைத்துக் கொடுத்தது. பிராண்ட் பாடம் படிக்கிற எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆக, எதிராளியின் பாட்டிலிலிருந்து உங்களுடையது வேறாகத் தெரிய வேண்டும் என்றால் இருட்டையும் விரலையும் நினைத்துப் பார்க்க உங்கள் தொழிலுக்கு வருகிறது. உங்களுடைய ஒரு பாட்டிலே இன்னொன்றிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும் என்கிறபோது மட்டும் அது மறந்துபோகிறது.

இதைவிட நெருக்கமான உதாரணமும் உண்டு. ஜப்பானில் காவோ நிறுவனம் 1991-லேயே ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகளை வைத்தது. தடவிப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி விரலில் இடறும். கண்டிஷனர் பாட்டில் வழவழவென்று இருக்கும். பார்வை இல்லாதவருக்கு மட்டும் இல்லை, நுரைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்கிற எல்லோருக்கும் அது உதவும். குளியலறையில் யார்தான் கண்ணைத் திறந்துகொண்டு தலை தேய்க்கிறார்கள்? அந்த யோசனையைக் காவோ தனக்கு மட்டும் என்று பூட்டி வைக்கவில்லை, போட்டி நிறுவனங்களும் எடுத்துக்கொள்ள வழிவிட்டது. இன்று அந்த நாட்டில் அது சாதாரண விஷயம். 2019-இல் அமெரிக்காவில் ஹெர்பல் எசென்ஸஸ் பாட்டில்களிலும் ஷாம்புவுக்குக் கோடுகள், கண்டிஷனருக்குப் புள்ளிகள் என்று தடவிப் பார்க்கும் அடையாளம் வந்தது. அந்த வேலையை முன்னெடுத்தவர் அந்த பிராண்டை வைத்திருக்கும் நிறுவனத்தில் அப்போது பணிபுரிந்த பார்வையற்ற ஓர் ஊழியர்.

செலவு என்று சொல்லிவிடாதீர்கள். பாட்டிலை ஊதி எடுக்கிற அச்சில் ஒரே ஒரு தடவை வெட்டுகிற வேலை. அதற்குப் பிறகு வருகிற லட்சக்கணக்கான பாட்டில்களில் அந்த அடையாளம் தானாகவே விழுந்துகொண்டிருக்கும். நீங்களோ இப்போதுதான் எல்லா அச்சையும் புதிதாகச் செய்திருக்கிறீர்கள். எத்தனை கூட்டம் நடந்திருக்கும், அந்த வெள்ளை எந்த வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எத்தனை நாள் பேசியிருப்பீர்கள்! அத்தனை கூட்டத்தில் ஒருவராவது கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டிலையும் கையில் எடுத்துப் பார்த்தாரா? பத்து நொடி வேலை.

உங்கள் தொழிலின் பழைய கதை இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 1931-இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்கெல்ராய் என்ற இளைஞர் ஒரு குறிப்பாணை எழுதினார். ஒவ்வொரு பிராண்டுக்கும் பொறுப்பாக ஆள் வேண்டும், விற்பனை எங்கே சறுக்குகிறது என்று அவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றது அந்தக் குறிப்பு. பிராண்ட் மேலாளர் என்கிற உங்கள் பதவியே அங்கிருந்து வந்தது என்பார்கள். (அவர் பிற்பாடு அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். சோப்பிலிருந்து ராணுவத்துக்கு! அது வேறு கதை.) என் சந்தேகம் இதுதான்: உங்கள் நிறுவனத்தில் ஷாம்புவுக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார், கண்டிஷனருக்கு இன்னொருவர் இருப்பார். இரண்டும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறதே, அந்த இடத்துக்குப் பொறுப்பு யார்?

நேரில் போய்ப் பார்ப்பதெல்லாம் இப்போது விற்பனை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தில் முடிந்துவிடுகிறது போலும். 2009 ஜனவரியில் டிராபிகானா தன் ஆரஞ்சுச் சாறு அட்டையை மாற்றியது. ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழத்தை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடித் தம்ளர் படத்தைப் போட்டார்கள். வழக்கமாக வாங்குகிறவர்களுக்கே கடைத் தட்டில் அடையாளம் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை 20 சதவீதம் அளவுக்கு விழுந்தது, பழைய அட்டையே திரும்பி வந்தது. அங்கே தவறு வரைபடத்தில் தெரிந்தது, அதனால் திருத்தினார்கள். எங்கள் வீட்டுத் தவறு உங்கள் வரைபடத்தில் எப்படித் தெரியும்? அம்மா ஒரு குளியலுக்கு ஏழு தடவை கண்டிஷனர் பம்பை அழுத்துகிறார். உங்கள் கணக்கில் கண்டிஷனர் விற்பனை கொஞ்சம் ஏறியிருக்கும். புதிய தோற்றத்துக்கு அமோக வரவேற்பு என்று யாராவது ஒரு ஸ்லைடு போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

உங்கள் ஸ்லைடுகளில் ஒரு பெண் இருப்பார். வயது முப்பதுக்குள். வேலைக்குப் போகிறவர், சுறுசுறுப்பானவர், எளிமையான அழகை விரும்புகிறவர். அவருக்காகவே எல்லாம் திட்டமிடப்படுகிறது. அவருக்குக் கண் மங்குவதில்லை, அவர் குளிக்கும்போது விளக்கு அணைவதில்லை, அவருக்கு அம்மாகூட இல்லைபோல. உண்மையில் பாட்டிலைக் காசு கொடுத்து வாங்கி முடிக்கிற ஆட்களில் பலர் அந்த ஸ்லைடுக்குள் வரவே மாட்டார்கள். எழுத்தைச் சிறிதாக்குவது, இருந்த நிறத்தை எடுத்துவிடுவது, அளவைக் குறைத்துவிட்டு 'புதிய' என்று மேலே ஒட்டுவது, இதற்கெல்லாம் உத்தி என்று பெயர் வைத்துக்கொண்டு...

சரி, மன்னியுங்கள். கேட்க வந்ததை விட்டு எங்கெங்கோ போய்விட்டேன்.

இப்போதைக்கு அம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். ஷாம்பு பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட். பெரும்பாலும் வேலை செய்கிறது. ஈரம் பட்டால் சில நாள் வழுக்கிக் கீழே இறங்கிவிடும், சில நாள் அறுந்துவிடும். பாட்டில் தீர்ந்து புதியது வந்தால் யாராவது ஞாபகமாக மாட்ட வேண்டும். போன வாரம் நான் மறந்துபோய் அதைக் கண்டிஷனரில் மாட்டிவிட்டேன். அன்றும் நுரை வரவில்லை. அன்று மட்டும் அவர் தன் கையைக் குறை சொல்லவில்லை, என்னைத் திட்டினார். எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

உங்கள் புதிய தோற்றத்தை முழுவதுமாகக் கைவிடச் சொல்லவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும். ஷாம்பு பாட்டிலில் தடவினால் தெரிகிற ஓர் அடையாளம், இரண்டு பம்புக்கும் இரண்டு நிறம், உள்ளே இருப்பது என்ன என்று சொல்கிற எழுத்து பிராண்ட் பெயரில் பாதி அளவாவது. அடுத்த அச்சு வேலையின்போது இவற்றைச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எப்போது சேர்ப்பீர்கள் என்று ஒரு வரி பதில் எழுதினால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். கூப்பன் வேண்டாம்.

இப்படிக்கு,
ரப்பர் பேண்டை இந்தத் தடவை சரியான பாட்டிலில் மாட்டியிருக்கும்
உங்கள் வாடிக்கையாளர்