அந்த அம்புக்குறிகளை அழியுங்கள்: புவியியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

புவியியல் பாடநூல்களை எழுதும் பெருமக்களுக்கு,

வணக்கம். புவித்தட்டுகள் பற்றிய பாடத்தில் தவறாமல் இடம்பெறும் ஒரு படத்தைக் குறித்தே எழுதுகிறேன். கீழே செந்நிறக் கவசம் (தட்டுகளுக்கு அடியில் உள்ள தடித்த பாறை அடுக்கு), அதற்குள் சுழலும் அம்புக்குறிகள், மேலே அந்தச் சுழற்சியில் ஏறிப் பயணம் செய்யும் தட்டுகள். 'வெப்பச்சலன ஓட்டங்கள் தட்டுகளை நகர்த்துகின்றன' என்று அடியில் ஒரு வரி. தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்கான விடையும் அதே வரிதான். பதிப்புகள் மாறுகின்றன, அட்டைகள் மாறுகின்றன. தட்டுகளே நகர்ந்தாலும் இந்தப் படம் மட்டும் நகர மறுக்கிறது.

படத்தின் பூர்வீகத்தைக் குறை சொல்ல மாட்டேன். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் ஜெர்மன் அறிவியலாளர் வேகனர் சொன்னபோது, எது நகர்த்துகிறது என்பதற்கு அவரிடம் வலுவான பதில் இல்லை. அவர் சுட்டிய விசைகள் மிக அற்பமானவை என்று பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் ஹரால்டு ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். 1920களின் இறுதியில் பிரிட்டிஷ் நிலவியலாளர் ஆர்தர் ஹோம்ஸ், கதிரியக்க வெப்பத்தால் கவசத்துக்குள் சலனம் நிகழ்கிறது, அது கண்டங்களைச் சுமந்து செல்கிறது என்றார். கடலடியைப் பற்றி ஏறக்குறைய எதுவும் தெரியாத காலத்தில் அது பெரிய துணிச்சல்.

1975இல் புவி இயற்பியலாளர்கள் டொனால்ட் ஃபோர்சைத்தும் சேயா உயேடாவும் 12 தட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அடியில் ஓடும் கவசம்தான் இழுத்துப் போகிறது என்றால், பரப்பில் பெரிய தட்டு விரைவாக நகர வேண்டும். அப்படி எந்த ஒழுங்கும் தென்படவில்லை. மாறாக, விளிம்பில் எவ்வளவு பகுதி அகழிகளில் (ஒரு தட்டு மற்றொன்றுக்கு அடியில் இறங்கும் ஆழ்கடல் பள்ளங்களில்) அமிழ்கிறதோ அதற்கேற்ப வேகம் கூடியிருந்தது. மேற்கிலும் வடக்கிலும் அகழிகள் சூழ்ந்த பசிபிக் தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 செ.மீ. நகர்கிறது, பெரும்பாலும் நடுக்கடல் முகடுகளே (தட்டுகள் விலகிப் புதிய கடலடி பிறக்கும் மலைத்தொடர்களே) சூழ்ந்த ஆப்பிரிக்கத் தட்டு 2 செ.மீ. அளவில் ஊர்கிறது.

காரணம் எடைதான். முகட்டில் பிறக்கும் கடலடித் தட்டு விலகிச் செல்லச் செல்லக் குளிர்ந்து, தடித்து, அடர்த்தி கூடுகிறது. அகழியில் இறங்கிய பின் அதன் பசால்ட் பாறை எக்லோகைட்டாக மாறி இன்னும் கனக்கிறது. கொடியில் போட்ட ஈரப் புடவையின் ஒரு முனை அதிகமாகத் தொங்கினால் மீதிப் புடவையும் சரிந்து வருமே, அதே கதை. முகட்டின் பங்கும் உண்டு: சுற்றியுள்ள கடலடியைவிட அது 2, 3 கி.மீ. உயர்ந்திருப்பதால் தட்டு சரிவில் வழுகுகிறது. ஆனால் அமிழும் பகுதியின் இழுவை அதைவிடப் பன்மடங்கு பெரியது.

உங்கள் படத்தில் ஒவ்வொரு முகட்டுக்கும் அடியில், ஆழத்திலிருந்து மேலெழும் ஓர் ஓட்டம் வரையப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு இருபுறமும் முகடுகள் இருக்கின்றன; இரண்டும் புதிய தரையை உருவாக்குகின்றன; நடுவில் அதை விழுங்க அகழி கிடையாது. அப்படியானால் முகடுகளே ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போக வேண்டும். நிலையான ஓட்டத்தின் தலையில் அவை எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? தட்டுகள் விலகும் இடைவெளியை நிரப்பவே கவசப் பாறை அங்கே எழுகிறது. போகிற போக்கில் இன்னொன்று: கவசம் குழம்பு அன்று. திரவத்தில் செல்லாத, நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் அதனூடே செல்கின்றன; அது மிக மெதுவாக நெகிழும் திடப்பாறை.

வெப்பச்சலனமே பொய் என்று எழுதிவிடாதீர்கள். அது அடுத்த பிழையாகும். அமிழும் தட்டு அந்தச் சலனத்தின் குளிர்ந்த மேற்பகுதியே. தட்டைப் பயணியாக வரைந்ததுதான் தவறு.

நம் மாணவர்களுக்குச் சொல்ல நம் தட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் மேலான வேகத்தில் வடக்கே பாய்ந்தது. வழியில் இரண்டு அமிழ்வு மண்டலங்கள் சேர்ந்து இழுத்தன என்கிறார்கள் சிலர். இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவின் பெயரால் அறியப்படும், ஆழத்திலிருந்து எழும் வெப்பப் பிழம்பு தள்ளியது என்கிறார்கள் வேறு சிலர். ஆசியாவில் மோதியதும் வேகம் சரிந்தது, ஏனெனில் கண்டப் பாறை இலகுவானது, எளிதில் அமிழாது. அதே இந்திய-ஆஸ்திரேலியத் தட்டின் ஆஸ்திரேலியப் பக்கமோ ஜாவாவுக்கு அடியில் தடையின்றி இறங்குகிறது. ஒரு பக்கம் முட்டுக்கட்டை, மறுபக்கம் இழுவை. ஒன்றாக இருந்த தட்டு நடுக்கடலில் பிளவுபடத் தொடங்கியிருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே, தட்டின் உட்பகுதியிலேயே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்து, சென்னையில் மக்கள் கட்டடங்களை விட்டு வெளியே ஓடினார்களே, அதன் பின்னணி இதுதான். 2004 ஆழிப்பேரலையை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன; 2012ஐ எதிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்த பதிப்பில் படத்தை மாற்றி வரையுங்கள்: அகழியில் அமிழும் தட்டைத் தடிமனாகவும், அம்புக்குறியை அதன் மீதும் போடுங்கள். அதுவரை, விடைக்குறிப்பு தயாரிப்பவர்களிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். 'தட்டின் சொந்த எடையே அதை இழுக்கிறது' என்று ஒரு மாணவி எழுதினால் அந்த ஒரு மதிப்பெண்ணை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியர்