‘படிக்கட்டுதானே’ என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாப் பக்கத்தில் கொல்லிமலை ஆகாய கங்கை அருவியைப் பற்றி, “அலுவலக நண்பர்களோடு ஒரே நாளில் போய்வரத் தோதான இடம். படிக்கட்டுதானே, யாரும் இறங்கிவிடலாம்” என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், இறங்கிவிடலாம். ஏறுவதைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை. கட்டுரையாளர் இன்னும் கீழேயே இருக்கிறாரோ என்னவோ.

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் தொடங்கும் அந்தப் படிகள் 1,000-க்கு மேல். படிக்கு அரையடி என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 500 அடி ஆகிறது. லிஃப்ட் இல்லாத 50 மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் எல்லாப் படியும் ஒரே உயரமில்லை. இறங்கும்போது உடம்பின் மொத்தப் பாரத்தையும் தொடைச் சதைதான் பிடித்து நிறுத்துகிறது. மூச்சு வாங்காததால் சிரமம் தெரியாது. கீழே போய் நின்றதும் கால் தானாக நடுங்கும். அந்தக் காலோடுதான் ஏற வேண்டும் என்பது தங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாமல் போனது எப்படி?

பல வருடங்களாக இந்தப் படிகளில் ஆட்களைக் கூட்டிப் போகிறவன் என்பதால் சொல்கிறேன். இறங்க முக்கால் மணி நேரம், ஏற ஒன்றேகால் மணிக்குக் குறையாது. குளியலும் சேர்த்தால் மூன்றரை மணி. இது நல்ல காலுள்ளவர் கணக்கு. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இறங்கவே கூடாது.

அலுவலகக் கூட்டத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மேலாளர் முன்னால் தனக்கு மூட்டு வலி, ஆஸ்துமா, ரத்த அழுத்தம் என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டீம் அவுட்டிங்கில் வர மறுத்தால் என்ன நினைப்பார்களோ என்று இறங்கிவிடுவார்கள். ஏற்பாடு செய்கிறவர் ஊரிலேயே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கோயிலருகில் உட்கார்ந்திருக்க இரண்டு பேரை முன்கூட்டியே ‘பை பார்த்துக்கொள்ள’ என்று நியமித்துவிட்டால் யாருக்கும் மானம் போகாது. முன்னால் ஒருவர், எல்லோருக்கும் பின்னால் ஒருவர் என்று பொறுப்பு கொடுக்க வேண்டும். வேகமாக ஏறியவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். பின்தங்கியவர் வந்து சேர்ந்த நொடியில் “சரி, கிளம்பலாமா” என்பார்கள். ஓய்வு தேவைப்பட்ட ஒரே ஆளுக்கு ஓய்வே கிடைக்காது. மெதுவாக ஏறுகிறவரை முன்னால் விட்டு, 50 படிக்கு ஒருமுறை எல்லோரும் நின்றால் இந்தத் தொல்லை இல்லை.

“போகும் வழியில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு இறங்குங்கள்” என்றும் ஒரு யோசனை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த வயிறு அது, ஐயா! இட்லி, வாழைப்பழம், கையில் கடலை மிட்டாய் போதும். பெரிய சாப்பாடு மேலே ஏறிய பிறகு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பாக்கெட் ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி). எல்லாம் முதுகுப் பையில் இருக்கட்டும். கையில் கவரைத் தொங்கவிட்டால் குரங்கு வாங்கிக்கொள்ளும். கால் நகத்தை வெட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். இறங்கும்போது விரல் ஷூ நுனியில் இடித்து நகம் கறுத்துப் போகும். ரப்பர் செருப்பும் வழுவழுப்பான ஆபீஸ் ஷூவும் பாசிப் பாறையில் நிற்காது. குளித்ததும் ஈரத்தோடு ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். துவட்டி, உலர்ந்த சட்டை மாற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

அருவி 300 அடி. அந்த உயரத்திலிருந்து கல்லும் குச்சியும் சேர்ந்தே விழும் என்பதால் நடு ஓட்டத்தின் கீழே தலையைக் கொடுக்கக் கூடாது. நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். அருவியாக விழும் ஐயாற்றின் மேல்பகுதியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினால், சருகும் சுள்ளியும் வந்தால், இரைச்சல் கூடினால், துணியைத் தேடாமல் படிக்கு ஓட வேண்டும். கீழே எவருக்கும் மயக்கம் வந்தால் வண்டி வராது. மாற்றி மாற்றித் தூக்க ஆறெட்டுப் பேர் வேண்டும்.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பு ஆடிப் பதினெட்டுக்கு “கூட்டமில்லாத அருவி” என்று எங்கள் மலையைப் பரிந்துரைத்தீர்கள். வல்வில் ஓரி விழாவுக்கு மலையே கூட்டமாக இருக்கும் நாள் அது! முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தால் மூட்டு வலி அங்கேயே பறந்துவிடும் என்றீர்கள். சூப் ருசியானது, விற்கிறவர்கள் எங்கள் ஆட்கள், வியாபாரத்தை நான் கெடுக்கவில்லை. ஆனால் அதை நம்பி, தேய்ந்த மூட்டோடு இறங்குகிறவரை யார் தூக்குவது? இன்னொரு இதழில், மலையடிவாரப் புளியஞ்சோலையிலிருந்து “காட்டுக்குள் புகுந்து” மேலே ஏறலாம் என்று வழி சொன்னீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் மாண்டார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் மலையேற்றம் கூடாது என்று அதே ஆண்டு விதிகளும் வந்தன. அதையெல்லாம் அச்சிட்ட பத்திரிகைக்கு நான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்லும் என்பது பழைய கதை. இப்போது அந்த வேலையைத் தங்கள் வண்ணப் படங்கள் எடுத்துக்கொண்டனவோ என்று தோன்றுகிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில் மூன்று வரி போடுங்கள்: படிகள் 1,000-க்கு மேல்; திரும்பி ஏற ஒன்றேகால் மணிக்குக் குறையாது; இதய நோயும் மூட்டுத் தேய்வும் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். இடமில்லை என்றால் பிரியாணிப் படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
செம்மேடு, கொல்லிமலை,
நாமக்கல் மாவட்டம்.

பி.கு.: தங்கள் கட்டுரையில் இருப்பதுபோல் கொல்லிமலை இப்போது சேலம் மாவட்டத்தில் இல்லை. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்.