லேப் பீரியடை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்

பி.எட். கல்லூரி முதல்வர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் இரண்டாம் ஆண்டு பி.எட். கணித மாணவி. அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணை போடுவதற்குள் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) 2014இல் தந்த பாடத்திட்டச் சட்டகத்தில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கென்று தனியாகவே ஒரு செய்முறைத் தாள் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வேறு கல்லூரிகளில் படிக்கும் தோழிகளைக் கேட்டால், அது ரெக்கார்டு நோட்டோடு முடிந்துவிடுகிறது என்கிறார்கள். கம்ப்யூட்டர் படம் வரைந்து பாகம் குறிக்கிறார்கள். சீனியரின் பிபிடியில் பெயரை மாற்றி ஒப்படைக்கிறார்கள். போர்ஷன் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவதும் அந்தக் கம்ப்யூட்டர் லேப் பீரியட்தான்.

எங்களுக்கு அமைந்த மேடம் மவுஸை எங்கள் கையில் கொடுத்துவிட்டார். நான் பள்ளி முழுவதும் தமிழ் வழியில் படித்தவள். நாலு பேர் முன்னால் நின்றாலே குரல் எழும்பாது. ஜியோஜீப்ரா என்ற, கணித உருவங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கும் மென்பொருளில் ஒரு வட்டம், அதற்கு ஒரு விட்டம், பரிதியில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். புள்ளியை விட்டத்தின் இரு முனைகளோடும் இணைத்துக் கோணத்தை அளந்தால் 90 பாகை. புள்ளியைப் பிடித்துப் பரிதியோடு இழுத்தேன். முக்கோணம் ஒல்லியாகிறது, அகலமாகிறது, கோணம் மட்டும் 90ஐ விட்டு நகரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய தேற்றம்! "ஏன் மாறல?" என்றார் மேடம். மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஆரம் வரைந்து, இரண்டு இருசமபக்க முக்கோணங்களாகப் பிரித்து விளக்கிக்கொண்டே போனேன். எல்லோருடைய கண்ணும் என் மேல் இல்லாமல் திரையில் இருந்ததால்தான் அன்று என்னால் பேச முடிந்தது. அப்புறம் என்னைப் பார்த்தபோதும் பேச முடிந்தது.

நுண்ணிலைக் கற்பித்தலுக்கு, அதாவது சிறு பாடம் ஒன்றைச் சக மாணவர்கள் முன் நடத்திப் பழகும் பயிற்சிக்கு, 36 நிமிடச் சுற்று என்று ஒன்று உண்டு: 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் திட்டத்தைத் திருத்த, மறுபடி 6 பாடம், 6 பின்னூட்டம். அதை மேடம் எங்கள் போனிலேயே பதிவு செய்ய வைத்தார். "சத்தமா பேசு" என்று பத்துப் பேர் சொல்லியும் உறைக்காதது, நம் வீடியோவை நாமே ஒரு முறை பார்த்தால் உறைத்துவிடுகிறது. இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்தார். பாடத்தின் நடுவில் ப்ரொஜெக்டர் கேபிளை உருவிவிட்டு, "கரன்ட் போயிடுச்சு, நடத்து" என்பார். சாக்பீஸை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். கற்பித்தல் பயிற்சிக்குப் போன அரசுப் பள்ளியில் நிஜமாகவே கரன்ட் போனபோது நான் பதறாததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

2018 முதல் வந்த நம் பள்ளிப் புத்தகங்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. கணிதப் புத்தகத்தில் ஜியோஜீப்ராவுக்கான இணையச் செயல்பாடுகளே இருக்கின்றன. பல அரசுப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்துவிட்டது. அங்கே போய் நிற்கப்போகும் ஆசிரியரை மட்டும் நோட்டில் படம் வரைய வைத்து அனுப்பலாமா?

எனவே தயவுசெய்து லேப் பீரியடை வேறு பாடத்துக்குக் கொடுக்காதீர்கள். பதினைந்து கம்ப்யூட்டர்தான் ஓடுகிறது என்றால் பரவாயில்லை, இரண்டிரண்டு பேராக உட்காருகிறோம். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை ரெக்கார்டு நோட்டுக்குக் கொடுக்காமல், ஒவ்வொருவரும் வகுப்பின் முன் நின்று நடத்தும் ஒரு பாடத்துக்குக் கொடுங்கள். கடைசி பெஞ்சில் தலை குனிந்திருப்பவருக்கும் அந்த வாய்ப்பு கட்டாயம் வர வேண்டும்.

இப்படிக்கு,
பி.எட். மாணவி (கணிதம்)