ஏலகிரி ஏறிய வண்டியும் இரண்டு பிளக்கும்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். மழை விட்டதும் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்கிறாள். இங்கே எல்லோரும் நலம். மற்ற செய்திகளை நேரில் பேசிக்கொள்வோம். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ஏதோ போகிற போக்கில் சொல்வதுபோல நீ எழுதியிருந்த நாலு வரிதான் நாலு நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

தனுஷ்கோடி வரை போவதற்காக, உன் தண்டர்பேர்டு மோட்டார் சைக்கிளில் பெட்ரோலுக்குத் தீப்பொறி கொடுக்கிற இரண்டு பிளக்கையும் புதிதாக மாற்றினாய். தொலைதூர ஓட்டத்துக்கு, நுனி அதிகம் சூடேறாத கூல் பிளக்தான் நல்லது என்று முடிவு செய்து, வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்ததைவிட இரண்டு எண் கூட்டி, பாஷ் பிளக்காகப் பார்த்து வாங்கினாய். வெள்ளோட்டமாக ஏலகிரி ஏறினாய். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும், தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குவதுபோல என்ஜினுக்குள் சத்தம் கேட்டது. மேலே போய்ச் சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் வண்டி தானாக நாலைந்து தடவை உதறிவிட்டுத்தான் நின்றது. பெட்ரோல் சரியில்லை போலிருக்கிறது என்று அந்தப் பத்தியை முடித்துவிட்டு, மாமரம் பூத்திருப்பதைப் பற்றி எழுதப் போய்விட்டாய்.

பெட்ரோல் பங்குக்காரரைத் திட்டாதே. நீ கூல் பிளக் என்று நினைத்துப் போட்டது ஹாட் பிளக். இந்தக் குழப்பம் எங்கே தொடங்கியது என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பாடத்தை நாம் இருவரும் ஒரே இடத்தில்தான் படித்தோம்.

பழைய வண்ணாரப்பேட்டை ஷெட்டில் மண்ணெண்ணெய் வாளிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த மைக்கோ (பாஷின் இந்தியக் கம்பெனி) பிளக் பெட்டிகள் உனக்கு நினைவிருக்கும். அவற்றின் மேல் 175, 225 என்று மூன்று இலக்க எண் இருக்கும். எண் ஏற ஏறப் பிளக் கூல் என்று மேஸ்திரி சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலத்து எண்ணுக்கு அது முழுக்கச் சரி. பின்னாளில் பாஷ் நிறுவனம் அந்த மூன்று இலக்கத்தைக் கைவிட்டு ஒற்றை எண்ணுக்கு மாறியபோது வரிசையையும் திருப்பிவிட்டது. இப்போது பாஷ் பிளக்கில் 5 என்றால் கூல், 7 என்றால் அதைவிட ஹாட். ஜப்பான் கம்பெனியான என்.ஜி.கே.யின் பிளக்கிலோ இன்றுவரை எண் கூடினால் கூல்தான்: 6 ஹாட், 8 கூல். ஒரு குறடைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பெட்டியையும் பார்க்கிற எவனும் ஒரு நொடி தடுமாறத்தான் செய்வான். பாஷில் W7DC எடுக்கிற இடத்தில் என்.ஜி.கே.யில் BP6ES எடுக்க வேண்டும். W5DC என்ற இடத்தில் BP8ES. இந்த இரண்டு ஜோடியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் எந்தப் பெட்டி எந்தத் திசையில் ஓடுகிறது என்பது ஒருபோதும் மறக்காது.

ஹாட், கூல் என்பதெல்லாம் தீப்பொறியின் சூட்டைக் குறிப்பதாக ஷெட்டில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் அந்த வெள்ளைப் பீங்கானில் இருக்கிறது. சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால், அதன் நுனியில் ஏறிய சூடு இரும்பு உடம்புக்கும் மரைக்கும் வந்து, சிலிண்டரின் மூடியான ஹெட்டில் இறங்குவதற்கு நெடுந்தூரம் போக வேண்டும். அதனால் நுனி சூடாகவே கிடக்கும், அதுதான் ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும், அது கூல். எந்தப் பிளக்காக இருந்தாலும் நுனியின் சூடு ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேலும் 850 டிகிரிக்குக் கீழும் நிற்க வேண்டும். கீழே போனால் ஒட்டுகிற கரி எரிந்து போகாமல் தங்கிவிடும். மேலே போனால் நுனியே கங்குபோலக் கனிந்து, தீப்பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைக்கும். உன் வண்டி சாவியை அணைத்த பிறகும் ஓடியதற்குக் காரணம் இதுதான். கரண்ட் நின்றாலும் கார்பரேட்டர் வழியாகக் கலவை உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்ற வைக்கக் கனிந்த நுனி காத்திருக்கிறது. ஒரு எண் மாறினாலே நுனியின் சூடு 70 முதல் 100 டிகிரி வரை மாறும் என்கிறது என்.ஜி.கே. நீ இரண்டு எண் மாற்றியிருக்கிறாய், அதுவும் மலையேற்றத்துக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ எண்ணைச் சரியாகப் படித்து உண்மையிலேயே கூல் பிளக் வாங்கியிருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். என்ஜினில் எந்த வேலையும் செய்யாத, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற வண்டி 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுவதும் ஓடுவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் புத்தகத்தில் அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள். இங்கே நான் தினமும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போகக் காத்து நிற்கிறவன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்கிறவன். என் பிளக்கில் கரி படிகிறது என்பதற்காக ஒரு எண் ஹாட்டாகப் போட எனக்கும் ஒரு காலத்தில் ஆசை வந்தது. அதற்குப் பதிலாக மாதம் ஒரு முறை கும்மிடிப்பூண்டி வரை நேர் ரோட்டில் ஒரே சீராக ஓட்டிவிட்டு வருகிறேன். படிந்த கரி தானாக எரிந்துவிடுகிறது.

இரிடியம் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம்; எண் பொருந்தினால். சாதாரணப் பிளக்கின் நடுக்கம்பி நிக்கல் கலவை, ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் கனம். இரிடியத்தில் அது 0.6, சிலவற்றில் 0.4 தான். மெல்லிய நுனியில் பொறி எளிதாகப் பாயும், இரிடியம் உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டியிருப்பதால் தேய்மானமும் குறைவு. நாலு ஸ்ட்ரோக் என்ஜின் 4,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 2,000 தடவை எரிகிறது, மணிக்கு 1,20,000. அந்தக் கணக்கைப் பார்த்தால் நீடித்து உழைப்பதற்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எனக்கு நிக்கலே போதும். கழற்றிப் பார்க்கிற சாக்கில் என்ஜினின் உடல்நிலையும் தெரிகிறது.

மாட்டுகிற வேலையில் உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் உனக்கு இதுவரை சொல்லாத ஒரு கதை என்னிடம் இருக்கிறது. பழைய புல்லட்டில் பழவேற்காடு புறப்பட்ட ஒரு விடியற்காலை, என்ஜின் சூடாக இருக்கும்போதே அவசரத்தில் பிளக்கைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். விரலால் நாலு சுற்று சுற்றாமல் எடுத்த எடுப்பில் பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டேன். ஒரு சுற்று இறுகியது, அரைச் சுற்றில் மறுபடி லேசானது. அந்த லேசு கையில் தெரிந்த நொடியில் வயிற்றைக் கலக்கியது இன்னும் நினைவிருக்கிறது. வெளியே எடுத்தபோது பிளக்கின் மரையில் அலுமினியம் வெள்ளி நூல்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹெட்டை இறக்கி, வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் பழைய மரையைக் குடைந்தெடுத்துச் சுருள் மரை போட்டு வாங்க மூன்று நாள் ஆயிற்று. தப்பு முழுக்க என்னுடையது என்பதால் அன்று யாரையும் திட்டக்கூட முடியவில்லை.

அதனால் இரண்டு காரியத்தை மட்டும் நீயும் விடாமல் செய். வண்டி நன்றாக ஆறிய பிறகு, பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் காற்றடித்து மணலை வெளியேற்றிவிட்டுக் கழற்று. எங்கள் ஊர்க் கடற்கரை மணல் அளவுக்கு உன் ஊர் மண் மோசமில்லை என்றாலும் சிலிண்டருக்குள் விழுந்தால் எல்லா மண்ணும் ஒன்றுதான். மாட்டும்போது வாஷர் ஹெட்டில் உட்காரும் வரை விரலாலேயே சுற்று. அதற்கு மேல், இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால், அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் தேவை, 10 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 12 போதும். பழைய புல்லட்டில் பழகிய கை இந்தச் சன்னமான பிளக்கை முறித்துவிடும். உப்புக் காற்றுக்குப் பயந்து நான் மரையில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன், அதையும் நிறுத்திவிட்டேன். மரையின் மேல் ஏற்கெனவே முலாம் பூசித்தான் வருகிறது. கிரீஸ் தடவினால் அதே பலத்தில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

கடையில் வாங்கும்போது பெட்டியை நம்பாமல் பிளக்கைப் பார். போன வருஷம் என் தலையில் ஒருவர் கட்டிய போலிப் பிளக்கில் வாஷர் கையால் இழுத்ததும் கழன்று வந்தது, மரையின் ஓரம் சொரசொரவென்று இருந்தது, மேல்கம்பி நடுக்கம்பிக்கு நேராக நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. நல்ல பிளக்கில் வாஷர் அவ்வளவு எளிதில் கழன்று வராது.

இப்போது உன்னுடைய வண்டிக்கு வருவோம். இதைப் படித்த பிறகு அந்த வண்டியைக் கிளப்பாதே. இரண்டு பிளக்கையும் கழற்றி, எந்தப் பக்கத்துப் பிளக் எது என்று அடையாளம் வைத்து, ஓட்டைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிடு. பிளக்கைத் துடைக்காதே, உப்புத்தாளைப் பக்கத்திலேயே கொண்டு வராதே. கண்ணாடி வில்லையை எடுத்துக்கொண்டு வெயிலில் பீங்கானைப் பார். இளம் டீ நிறத்தில் இருந்தால் பிழைத்தோம். சுண்ணாம்புபோல வெளுத்து, ஓரத்தில் கொப்புளம் தெரிந்தால் நுனி எரிந்திருக்கிறது, ஆனாலும் பிளக்கோடு போய்விட்டது என்று ஆறுதல் கொள்ளலாம். அந்த வெள்ளையின் மேல் கடுகைவிடச் சிறிய வெள்ளிப் புள்ளிகள் மினுங்கினால் அது பிஸ்டனிலிருந்து தெறித்த அலுமினியம். அப்போது தனுஷ்கோடியை மறந்துவிட்டு ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

இரண்டு பிளக் இருப்பதில் ஒரு வசதி உண்டு, அதையும் பார்த்துவிடு. இரண்டும் ஒரே நிறம் என்றால் கலவையையோ பிளக் எண்ணையோதான் சந்தேகப்பட வேண்டும். ஒன்று டீ நிறமாக இருந்து மற்றொன்று மட்டும் உலர்ந்த கரியாக இருந்தால் அந்தப் பக்கத்துக் கேப்பையும் வயரையும் பார். என் வண்டியில் ஒரு முறை கேப்புக்குள் காசிமேட்டுக் கடற்காற்று பச்சைக் களிம்பு ஏற்றி வைத்திருந்தது. நான் ஒரு வாரம் கார்பரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தேன். கரி உலர்ந்ததாக இல்லாமல் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் அது ரிங், வால்வு சம்பந்தப்பட்ட வேறு கதை, நேரில் பேசுவோம்.

ஒருவேளை புள்ளியா தூசியா என்று உன்னால் முடிவு சொல்ல முடியாமல் போகலாம். நம் இருவர் கண்ணும் முன்புபோல இல்லை. வருகிற சனிக்கிழமை விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி வா. சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ நேரே தண்டையார்பேட்டைக்கே கொண்டுவந்து விடுகிறது, நான் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். இரண்டு பிளக்கையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, இடது வலது என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள். கீழே போடாதே, பீங்கானில் விழுகிற கீறல் கண்ணுக்குத் தெரியாது. புத்தகத்தில் உள்ள எண்ணிலேயே உனக்கு இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு ஜோடி வண்டிக்கு, ஒரு ஜோடி வழியில் வைத்துக்கொள்ள. மெல்லிய தகடுகளால் அளக்கிற ஃபீலர் கேஜால் இரண்டு கம்பிக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் பார்த்துவிட்டேன், நாலும் சரியாக இருக்கின்றன. உன் அண்ணி மத்தியானத்துக்கு வஞ்சிரம் வாங்கச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய ஷெட் கூட்டாளி