‘மற்றவை’ என்ற பெட்டிக்குள் ஒரு ரிசர்விஸ்ட்

மதிப்பிற்குரிய பகுதிநேரப் பட்டப்படிப்புப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ராணுவப் பயிற்சியால் வகுப்புக்கு வரமுடியாமல் போவது பற்றி உங்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் பதில் வந்தது. மூன்றும் ஒரே பதில். சிங்கப்பூர் ராணுவ அணிவகுப்பில் கட்டளை மலாயில், உங்களோடு பேச்சு ஆங்கிலத்தில், அலுத்துக்கொள்வது மட்டும் எனக்குத் தமிழில்தான் வரும். ஆகவே இந்த மடல்.

எனக்கு வயது 31. பாலிடெக்னிக், இரண்டாண்டு தேசிய சேவை, வேலை, கல்யாணம், அதற்கப்புறம்தான் பட்டம் என்று வந்தவன். பகலில் வேலை, வாரத்தில் மூன்று இரவு வகுப்பு. ரிசர்விஸ்டில், அதாவது தேசிய சேவை முடித்தவர்களை ராணுவம் திரும்பத் திரும்பப் பயிற்சிக்குக் கூப்பிடும் கடமையில், இது ஆறாவது ஆண்டு. (ரிசர்விஸ்ட் என்ற பெயரை அதிகாரபூர்வமாக மாற்றிப் பல காலம் ஆகிறது. என் அம்மா உட்பட யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.)

போன பருவத்தில் ஏழாம் வாரம் குழுப் படைப்பு, அதாவது வகுப்பின் முன் குழுவாக ஸ்லைடு காட்டிப் பேசுவது. அதே வாரம் எனக்கு முகாம் பயிற்சி. அழைப்புக் கடிதம் கைக்கு வந்தது ஆறு மாதத்துக்கு முன்னால், அதாவது உங்கள் பாட அட்டவணை வெளிவரும் முன்பே. உங்கள் இணையப் படிவத்தைத் திறந்தேன். வராமைக்குக் காரணம்: உடல்நலக்குறைவு, குடும்பத்தில் இறப்பு, அலுவல் பயணம், மற்றவை. நான் ‘மற்றவை’. பக்கத்தில் ஐம்பது எழுத்துக்குள் விளக்கச் சொல்லியிருந்தீர்கள். 1967 முதல் நடப்பில் இருக்கும் கட்டாய தேசிய சேவையை ஐம்பது எழுத்துக்குள் சுருக்கி அனுப்பினேன். ‘தனிப்பட்ட காரணங்களுக்கு மாற்றுத் தேதி இல்லை’ என்று பதில்.

தனிப்பட்ட காரணமாம்! போகாமல் இருந்தால் சட்டப்படி குற்றம். ஆண்டுக்கு 40 நாள்வரை கூப்பிடலாம். அதிகாரி அல்லாதவருக்கு 40 வயதுவரை, அதிகாரிக்கு 50 வயதுவரை இந்தக் கடமை உண்டு. என் முதலாளிக்கு என்னை அனுப்பப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் விடுப்புத் தந்தே ஆகவேண்டும். நான் இழக்கும் சம்பளத்தையும் அரசாங்கம் ஈடுகட்டுகிறது. வேலையிடத்தில் இதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோன விஷயம். வகுப்பறை வாசலில் மட்டும் நான் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன்.

அந்த வாரம் லிம் சூ காங் காட்டோரம் இருந்தோம். ஃபோனை ஜிப்லாக் பையில் போட்டு, பவர்பேங்க்கோடு மார்புப் பையில் செருகியிருந்தேன். இரவுப் பயிற்சி முடிந்து லாரிக்குக் காத்திருந்த நேரம், மணி இரண்டிருக்கும். முகத்தில் பூசிய உருமறைப்பு மை வழிந்த விரலால் பிளாஸ்டிக்குக்கு மேலேயே தேய்த்துத் தேய்த்து என் பங்குக்கான ஆறு ஸ்லைடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கொசு ஒரு பக்கம். செக்‌ஷனில் (எங்கள் சிறு படைக்குழுவில்) ஒருவர் பேருந்து ஓட்டுபவர், ஒருவர் வழக்கறிஞர். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “எக்ஸாம் ஆ?” என்றார். படைப்பு என்றேன். மறுநாள் இரவு எனக்கு விழுந்த காவல் முறையை அவரே எடுத்துக்கொண்டார். காரணம் எழுதித் தரும்படி கேட்கவில்லை.

ஸ்லைடு போய்ச் சேர்ந்தது, நான் சேரவில்லை. நேரில் பேசாததற்கு மதிப்பெண் போனது. குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிடும் படிவத்தில் ‘கூட்டங்களுக்கு வருவதில்லை’ என்று ஒருவர் குறித்திருந்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், ரிசர்விஸ்ட் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்தவேண்டியது நானா, நீங்களா என்பதுதான் கேள்வி.

பயிற்சியை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாமே என்றும் எழுதியிருந்தீர்கள். விண்ணப்பிக்கலாம், தேர்வு இருந்தால் படைப்பிரிவில் அதைப் பரிசீலிக்கவும் செய்வார்கள். முன்பு ஒருமுறை எனக்குக் கிடைத்தது. ஆனால் ஒத்திவைத்தால் கடன் தீருவதில்லை, அடுத்த ஆண்டுக்கு நகர்கிறது. அடுத்த ஆண்டும் உங்களிடம் ஏழாம் வாரம் உண்டு. நான்கு ஆண்டுப் படிப்பு முழுக்க ஒத்திவைத்துக்கொண்டே போனால், பட்டம் வாங்கிய கையோடு முகாமில்தான் குடியிருக்கவேண்டும்.

படைப்பே வேண்டாம் என்றோ மதிப்பெண்ணைத் தானமாகக் கொடுங்கள் என்றோ கேட்கவில்லை. படிவத்தில் ‘தேசிய சேவை’ என்று ஒரு வரி சேருங்கள். அழைப்புக் கடிதத்தை இணைத்தால் போதும் என்று வையுங்கள். பருவம் தொடங்கும் முன்பே தேதியைச் சொல்லிவிடுகிறவர்களுக்கு, முந்தின வாரமோ பிந்தின வாரமோ பேச ஒரு நேரம் ஒதுக்குங்கள். விரிவுரையைப் பதிவுசெய்து வெளியிடும் விரிவுரையாளர்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். எல்லோரையும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள். குழு பிரிக்கும்போது, ஒரே படைப்பிரிவில் ஒரே நாளில் அழைப்பு வந்த இரண்டு பேரை ஒரே குழுவில் போடாதீர்கள். சிரிக்காதீர்கள், போன ஆண்டு நடந்தது. நான்கு பேர் குழுவில் மிஞ்சியவர்கள் இரண்டு பெண்கள். எங்கள் வேலையையும் சேர்த்து இழுத்துவிட்டு, கடைசியில் அவர்கள்தான் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள், ஸ்லைடில் எழுத்துப்பிழை இருந்ததென்று.

அடுத்த அழைப்பும் வந்துவிட்டது. மார்ச்சில், திங்கள் தொடங்கி இரண்டு வாரம். கடிதத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் அட்டவணை இன்னும் வரவில்லை. இந்தமுறை நான் முந்திக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மூன்றாம் ஆண்டு பகுதிநேர மாணவன்