பெருமாநல்லூருக்கு நான் வரவில்லை, அக்கா

அன்புள்ள அக்கா,

போன தீபாவளிக்குப் போனஸ் வாங்கிய கையோடு நம் பனியன் கம்பெனியை விட்டுப் போனீர்கள். இப்போது இந்தத் தீபாவளியின் போனஸ் பேச்சு நம் தையல் லைனில் தொடங்கிவிட்டது. பெருமாநல்லூரில் இருக்கும் உங்கள் பட்டறைக்கு வந்துவிடு என்று நீங்கள் ஆள் மூலம் சொல்லி அனுப்பியதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போனில் சொன்னால் "சரி கண்ணு" என்று வைத்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு நான் சொல்வது எதுவும் உங்கள் காதில் ஏறாது. அதனால்தான் எழுதுகிறேன். இதை லைனில் இருப்பவர்களும் படிப்பார்கள், மாடியில் இருக்கும் நிர்வாகத்தினரும் படிப்பார்கள். ஆகவே சில இடங்களைத் தாண்டிப் போவேன், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டறைக்கு நான் வரவில்லை. ஃப்ளோர் இன்சார்ஜ் வேலையை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அந்த வேலை உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. அப்படி நினைக்காத டெய்லர் நம் லைனில் ஒருவர்கூட இல்லை. அன்று மாடியில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். நான் வாய் திறக்கவில்லை என்ற வருத்தம் உங்களுக்கு உண்டு. திறந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் வெளியே போயிருப்போம், அடுத்த சனிக்கிழமைக்குள் லைன் கலைந்திருக்கும். உங்கள் மனம் நொந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அதே நிலைமை திரும்ப வந்தால் மறுபடியும் அப்படித்தான் நிற்பேன். இதற்கு மேல் இதைப் பற்றி இங்கே வேண்டாம்.

உங்களை நினைத்தால் எனக்கு ஒரே ஓர் இரவுதான் நினைவுக்கு வருகிறது. ரவுண்டு நெக் டி-சர்ட் ஆர்டர், மறுநாள் காலை பையரின், அதாவது ஆர்டர் கொடுத்தவரின், ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். ஒன்றரை ஷிப்ட் முடியப்போகும் நேரத்தில் செக்கிங் மேசையிலிருந்து ஒரு பண்டில் திரும்பி வந்தது. கழுத்தைச் சுற்றித் தைக்கும் ரிப் பட்டி அத்தனையும் அலையடித்திருந்தது. உள்ளங்கையால் அழுத்தித் தடவினால் படிந்தது, கையை எடுத்ததும் மறுபடி எழும்பியது. செக்கிங் அம்மா பண்டில் சீட்டைத் தேடினார். யார் கை, எந்த மெஷின் என்பதெல்லாம் சீட்டில்தானே இருக்கும். பார்க்காமலே எல்லோருக்கும் தெரியும், ஒடிசாவிலிருந்து புதிதாக ஹாஸ்டலுக்கு வந்திருந்த சின்னப் பெண்ணுடையது. அவள் துணி ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் மெஷினை விட்டு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நூல் வெட்டும் டிரிம்மரை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

சீட்டு உங்கள் கையில்தான் இருந்தது. படித்தீர்கள், நான்காகக் கிழித்தீர்கள், சேலை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். "சீட்டு எங்கோ விழுந்துவிட்டது. ஆளுக்குக் கொஞ்சம் எடுங்கள், தையலைப் பிரித்து மறுபடி ஏற்றிவிடலாம்" என்றீர்கள். கைமடிக்கும் பெண்களிலிருந்து பவர் டேபிள் அண்ணன்வரை எல்லோரும் உட்கார்ந்தார்கள். கம்பெனி வண்டி போய்விட்டது. ஓவர்டைம் கணக்கு எழுதுவார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் தரையில் சாக்கை விரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்துக்கொண்டு பிரித்தீர்கள். சரியான நூலைப் பிடித்து இழுத்தால் ஓவர்லாக் தையல் முழுவதும் தானாகக் கழன்று வரும். தப்பான நூலை இழுத்தால் துணி சுருங்கி முடிச்சு விழும். உங்கள் விரல் ஒரு தடவைகூடத் தப்பான நூலைத் தொடவில்லை. ஆட்களை எப்படிப் பிடித்து வைப்பது என்று அதற்குப் பிறகு பலர் எனக்குப் பாடம் எடுத்துவிட்டார்கள். அந்தச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து கற்றதுதான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வராத தொழில் இது. அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டு, சொன்ன தேதிக்கு வந்து நின்றாள். உங்களுக்காக வந்தாள்.

ஆனால் அந்தச் சீட்டை நீங்கள் கிழித்திருக்கக் கூடாது, அக்கா.

இரண்டு நாள் கழித்து அதே மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாள், அவளுக்கும் ரிப் அலையடித்தது. மெக்கானிக் வந்து திறந்து பார்த்தால் துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் அழுத்தம் அதிகம், துணியை நகர்த்தும் பற்களின் டிஃபரன்ஷியல் குறைந்து கிடக்கிறது. மெஷினே துணியை இழுத்து நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மெஷின் நம்பர் அந்தச் சீட்டில் இருந்தது, சீட்டோ உங்கள் இடுப்பில் நான்கு துண்டாக இருந்தது. ஒடிசாப் பெண் தன் கைதான் மோசம் என்று நினைத்துக்கொண்டே இத்தனை காலம் தைத்திருக்கிறாள். போன மாதம் நான் விவரம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்காவுக்கு இது தெரியுமா?" என்பதுதான். உங்களுக்குத் தெரியும். மெக்கானிக் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றீர்கள். ஏன் அவளிடம் சொல்லவில்லை?

எதற்காகக் கிழித்தீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சீட்டு மாடிக்குப் போனால் சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்தம் விழும். உங்கள் மனம் அதைத் தாங்காது. ஆனால் அதற்குப் பிறகு லைன் முழுவதும் சீட்டை ஒளிக்கக் கற்றுக்கொண்டது. தப்பு வந்தால் அக்காவிடம் கொடு, அக்கா பார்த்துக்கொள்வார் என்றாகிவிட்டது. நீங்கள் வராத நாளில், திருத்தச் சொல்லித் திரும்பி வந்த ஆல்டர் பீஸ்கள் பெட்டிக்கு அடியில் போயின. உங்களுக்குக் காய்ச்சல் என்றால் லைனுக்கே காய்ச்சல்.

சமீபத்தில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1990களில் மருத்துவமனை நர்ஸ் குழுக்களில் செய்த ஆய்வைப் பற்றி அங்கே சொன்னார்கள். நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் பிழை குறைவாக இருக்கும் என்று எண்ணித்தான் அவர் போனார். கணக்கில் பார்த்தால் நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகமாக இருந்தன. அவர்கள் கூடுதலாகத் தப்புச் செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். எனக்கு அங்கேயே உங்களுக்கு போன் செய்ய வேண்டும்போல் இருந்தது. சண்டை போடுவதற்கா, கொண்டாடுவதற்கா என்று தெரியவில்லை. பயப்படாமல் உட்கார ஓர் இடத்தை எங்களுக்குக் கொடுத்தது நீங்கள்தான். ஆனால் நீங்கள் போன அன்றே அந்த இடமும் போய்விட்டது.

2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊரே வேலையில்லாமல் நின்றதையும், அப்போதும் உங்கள் லைன் கலையாததையும் எத்தனையோ டீ நேரங்களில் சொல்லியிருக்கிறீர்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள்மேல் அமெரிக்காவின் வரி 50 சதவீதம் ஆனபோது நீங்கள் இங்கே இல்லை. பாதியில் நின்ற ஆர்டர்கள், ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கியதில் குறைந்துபோன சம்பளம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலியாகக் கிடக்கும் மெஷின். இதையெல்லாம் நான்தான் பார்த்தேன். அந்த நாட்களில் உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஓர் ஆளின் முதுகில் நிற்கிற லைனை விட்டுவிட்டு, அந்த ஆள் எப்படிப் போகலாம்?

அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே ஒன்று கேட்டேன். ஆல்டருக்குச் சம்பளப் பிடித்தம் இனி கிடையாது என்று எழுதிக் கொடுங்கள், சீட்டு ஒன்றுகூடத் தொலையாது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். எளிதில் கிடைக்கவில்லை, ஆனால் கிடைத்தது. இப்போது பண்டில் திரும்பி வந்தால் முதலில் மெஷினைப் பார்க்கிறோம், பிறகு கட்டிங்கை, கடைசியில்தான் கையை. ஆர்டர் குறைந்த நேரத்தில் ஆட்களைச் சும்மா உட்கார வைக்காமல் ஆளுக்கு இன்னொரு மெஷினைக் கற்றுக்கொடுத்தோம். ஓவர்லாக் பெண் பிளாட்லாக் என்ற இன்னொரு தையல் மெஷினில் உட்காருகிறாள். ஒருத்தி வராவிட்டால் முன்போல லைன் நிற்பதில்லை. சில பேர் போய்விட்டார்கள்தான். இருக்கிறவர்களை உற்சாகமாக வைத்திருக்க என்ன செய்கிறாய் என்று மாடியில் கேட்கிறார்கள். அதற்கென்று தனியாக எதுவும் செய்வதில்லை. மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் போர்டில், கடைசியில் நிற்கும் ஆளின் பெயரை எழுதும் வழக்கத்தை எடுத்துவிட்டேன். இன்றைய வேலை எந்த மெஷினில் தேங்குகிறது, யார் அங்கே போய்க் கை கொடுக்கலாம் என்று மட்டும் காலையில் பேசுகிறோம்.

ஒடிசாப் பெண்தான் இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு ரிப் ஏற்றச் சொல்லிக்கொடுக்கிறாள். சாக்கு விரித்துத்தான் உட்காருகிறாள்.

கடைசியாக ஒன்று. போனஸ் கைக்கு வந்ததும் நம் ஆட்களில் மூன்று நான்கு பேரை நீங்கள் கூப்பிடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பொய்யாக இருந்தால் மன்னியுங்கள். மெய்யாக இருந்தால், வர விரும்புகிறவர்களை நான் தடுக்க மாட்டேன், அவர்கள் என்னிடம் சொல்லிவிட்டு வரட்டும். நீங்கள் போனதுபோல் அவர்கள் போக வேண்டாம். உங்கள் ஓவர்லாக் இரண்டும் பழையவை, ரிப் நிற்கவில்லை என்பதும் காதில் விழுந்தது. நம் மெக்கானிக்கிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்கிறார். அவருக்குக் கூலி கொடுக்க வேண்டாம், சாப்பாடு போட்டு அனுப்புங்கள்.