குதிரைக்குப் பூட்ஸ்: முதலில் குளம்பைச் சீவுங்கள், பிறகு அளவெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாடம் கழற்றிய குதிரைகளுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டும் வழக்கம் நம் குமரி மாவட்டத்திலும் எட்டிப் பார்க்கிறது. நல்லதுதான். ஆணி அடிக்க வேண்டாம், தேவைப்படும்போது மட்டும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைக்குச் செருப்பு எடுப்பதுபோல் 'கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்' என்று வாங்குவதில்தான் வினை. சிறிய பூட்ஸ் உள்ளேயே நுழையாது, அதோடு போயிற்று. பெரியது நுழைந்துவிடும், நடையில் திருகும், குதிகால் சதையை உரசிப் புண்ணாக்கும், ஓட்டத்தில் பாதி கழன்று காலில் சிக்கும்.

இந்தத் தவறு பெரும்பாலும் அளவெடுக்கும் நாளிலேயே தொடங்குகிறது. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். சீவி ஆறு வாரம் ஆன குளம்பில் டேப்பை வைத்தால், நுனி நீண்டு ஓரம் விரிந்த அளவுதான் கிடைக்கும். எனவே சீவிய ஓரிரு நாளுக்குள் அளவெடுங்கள். காலைத் தூக்கி, அடிப்பக்கத்தில் அகலமான இடத்தில் குறுக்கே ஒரு அளவு. நுனியிலிருந்து குதிப்பக்கத்தில் குளம்புச் சுவர் தரையைத் தொட்டு முடியும் இடம்வரை இன்னொரு அளவு. அதற்குப் பின்னால் உருண்டு நிற்கும் சதையைச் சேர்க்கக் கூடாது. சேர்ப்பவர்கள்தான் ஒரு சைஸ் கூட்டி வாங்கிவிடுகிறார்கள். எல்லாம் மில்லிமீட்டரில், நான்கு காலுக்கும் தனித்தனியாக. இடதும் வலதும் வேறுபடுவது சகஜம். முன்குளம்பு வட்டமாகவும் பின்குளம்பு சற்றே ஒடுங்கியும் இருக்கும். நீளத்தைவிட அகலம் குறைந்த குளம்புக்கு ஒல்லி வடிவம் தனியாக வருகிறது. கவல்லோ கம்பெனி பூட்ஸில் 'ஸ்லிம்' என்று போட்டிருப்பது அதுதான். ஒரு கம்பெனியின் 4-ம் நம்பர் இன்னொன்றின் 4 ஆகாது.

உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்கால்களில் விழுவதால், முதலில் முன்காலுக்கு மட்டும் ஒரு ஜோடி வாங்கினால் பெரும்பாலும் போதும். பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. திருப்பி அனுப்பும் செலவை நினைத்தால், அட்டையில் குளம்பை வரைந்து வெட்டி அளவைச் சரிபார்க்கும் பத்து நிமிடம் பெரிதில்லை.

வந்ததும் சிமென்ட் தரையில் மாட்டிப் பாருங்கள். காலைத் தூக்கி இரு கையாலும் பூட்ஸைத் திருகுங்கள். லேசாக அசையலாம், சுற்றக் கூடாது. முதல் நாள் 20 நிமிடம் நடத்தி, கழற்றி, குதிகால் சதையையும் குளம்புக்கு மேலுள்ள மயிரையும் தடவிப் பாருங்கள். மயிர் கலைந்தோ தோல் சிவந்தோ இருந்தால் அந்த பூட்ஸ் அந்தக் காலுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். வாரை இன்னும் இறுக்குவது தீர்வல்ல. உள்ளே மெத்தை வைப்பதானால் மெத்தையோடு சேர்த்தே பொருத்திப் பாருங்கள், 12 மி.மீ. மெத்தை குளம்பை அவ்வளவு மேலே தூக்கிவிடும்.

நம் ஊர் விஷயம் ஒன்று. சொத்தவிளை போன்ற கடற்கரை மணலில் பூட்ஸே வேண்டாம், வெறுங்குளம்பு போதும். தார்ச்சாலையிலும் மலையடிவாரச் சரளையிலும்தான் அதற்கு வேலை. மணல் உள்ளே போனால் உப்புத்தாள்போல் தேய்க்கும். வெல்க்ரோ ஒட்டுப்பட்டையில் ஏறினால் பிடிமானம் போய்விடும். கடலோரம் போகிறவர்களுக்கு வெல்க்ரோ இல்லாமல், தண்ணீர் வடிய இடைவெளி விட்ட ஸ்கூட் பூட் போன்ற வகை வசதி. எதுவானாலும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரத்தோடு இரவு முழுக்க பூட்ஸில் கிடந்த குளம்பு ஊறி மென்மையாகி, அடியின் நடுவிலுள்ள முக்கோணச் சதை கறுத்து நாற ஆரம்பிக்கும். வேலை முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

நொண்டும் குதிரைக்கு பூட்ஸ் மருந்தல்ல. குளம்பு சுட்டாலோ, கணுக்காலுக்குக் கீழே நாடி பலமாக அடித்தாலோ முதலில் கால்நடை மருத்துவர்தான். கால்நடை முகாம்களில் குதிரை வைத்திருப்போருக்குக் குளம்பு சீவவும் அளவெடுக்கவும் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஒதுக்கினால் உதவியாக இருக்கும். ஒரு அரமும் ஒரு டேப்பும் போதும்.

இப்படிக்கு,
குதிரை வளர்ப்போர் சிலர்,
நாகர்கோவில்.